எந்தத் தேதியிலிருந்து

கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அரசாங்கம் முத்திரை குத்திச் சான்று கொடுத்த ஒரு பெண்ணிடம் அந்தக் கணவன் திரும்பி வந்துவிட்டால், அவள் எந்தத் தேதியிலிருந்து கைவிடப்படாதவள் ஆகிறாள்? அவன் தொலைபேசியில் கூப்பிட்ட நாளிலிருந்தா, வாசலில் வந்து நின்ற நாளிலிருந்தா, அவள் அவனை உள்ளே வரச் சொன்ன நாளிலிருந்தா?

காளீஸ்வரி இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. பள்ளத்தூரில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர். காலையில் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, மூக்கைத் துடைத்து, மதியம் தூங்கவைத்து, எழுப்பி, வீட்டுக்கு அனுப்புகிற வேலை. ஒன்பது ஆண்டுகள் அதைச் செய்தாள். அவள்மீது யாரும் புகார் சொன்னதில்லை. அதற்கு மேல் சொல்லும்படியாகவும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கேள்வியை அவளாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்தோராம் வயதில் ஒரு விசாவுக்காக அலைந்தபோது தாலுகா அலுவலகத்தில் அது அவளிடம் கேட்கப்பட்டது.

அவளுடைய கணவன் பெயர் தயாபரன். இலங்கையில் வவுனியாப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். 1990இல், பத்து வயதில், தாயோடு படகில் வந்து ராமேசுவரத்தில் இறங்கினான். திருப்பத்தூர் போகிற சாலையோரம் இருந்த அகதி முகாமில் வளர்ந்தான். முகாமில் வளர்ந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேரைப் போல அவனும் பெயிண்டர் ஆனான். செட்டிமார் வீடுகளில் கல்யாணம் வந்தால் சுவருக்கு வர்ணம் பூச இந்த ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். காளீஸ்வரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நூல் மில்லுக்கு ஒரு கோடையில் வர்ணம் பூச வந்தவன், ஆறு நாள் வேலையைப் பதினான்கு நாள் இழுத்தான். மேஸ்திரி திட்டியபோதும் அவன் சுவரைப் பார்க்கவில்லை.

2004இல், ஒரு சின்னக் கோயிலில், ரசீது போட்டுத் தாலி கட்டினான். அவளுடைய அண்ணன் வீரபாண்டியன் கல்யாணத்துக்கு வரவில்லை. “நாடில்லாதவனுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்கிறது” என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு ஆறு மாதம் கழித்து ஒரு மூட்டை நெல்லோடு முகாமுக்கு வந்து, தயாபரன் தன் மனைவியை ‘நீர்’, ‘வாரும்’, ‘இரும்’ என்று பேசுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“பொண்டாட்டியப் போயி நீருங்கிறாக மாப்ள! மோருன்னு கூப்பிட்டாக் கூட ஒரு அர்த்தம் இருக்கு.”

அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

முகாமில் மாதத்துக்கு இரண்டு முறை தணிக்கை நடக்கும். வருவாய்த் துறை ஆள் பதிவேட்டோடு வந்து நாற்காலி போட்டு உட்காருவார். பதிவில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் நின்று முகம் காட்ட வேண்டும். வேலைக்கு எவ்வளவு தூரம் போயிருந்தாலும் அன்றைக்கு வந்துவிட வேண்டும். வராதவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். காளீஸ்வரி இந்தியக் குடிமகள். அந்தப் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. கணவன் வரிசையில் நிற்கும்போது அவள் எதிரே வேப்பமரத்தடியில் நிற்பாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு நாடு இல்லை, அவளுக்கு இருந்தது; ஆனால் அந்த இரண்டு மணி நேரம் கணக்கில் வராத ஆள் அவள்தான். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “அவுக வெயில்ல நின்னாக, நான் நெழல்ல நின்னேன்” என்றுதான் பின்னாளில் சொன்னாள்.

போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், தகப்பன் விட்டுப்போன நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தயாபரன் இலங்கைக்குப் போனான். ஒரு மாதத்தில் வருவதாகச் சொன்னான். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு முறை பேசினான். அதற்குப் பிறகு பேச்சில்லை. முதலில் அவள் காத்திருந்தாள். பிறகு விசாரித்தாள். ஆள் உயிரோடுதான் இருக்கிறான், வயலில் வேலை செய்கிறான் என்று முகாமுக்கு வந்த யாரோ சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு விசாரிப்பதை நிறுத்தினாள். முகாம் வீட்டில் அவன் பெயர் இருக்கும்வரைதான் அவளுக்கும் இடம். பெயரை அடித்ததும் வெளியே வந்து, பள்ளத்தூரில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். பிள்ளை இல்லை.

ஐந்தாண்டு கழித்து அங்கன்வாடி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு, சான்றிதழ் வாங்கி வை என்று யாரோ சொல்ல, அவள் விண்ணப்பம் போட்டாள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். வந்தவருடைய கண் முதலில் அவள் கழுத்துக்குத்தான் போனது.

“தாலி கெடக்கே?”

“கெடக்கு சார்.”

“அப்புறம் எப்பிடிம்மா கைவிடப்பட்டவர்னு எழுதுறது?”

“அவுகதான சார் விட்டுட்டுப் போனாக. நான் விடலையே.”

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது.

அந்தச் சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு அது உண்மை. ஆனால் காகிதம் ஒரு நாளின் உண்மையை வாங்கி எல்லா நாளைக்குமாக வைத்துக்கொள்கிறது. மனிதர்கள் அப்படி இருப்பதில்லை. அடுத்த ஆண்டே, ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“காளி, நான்.”

“ம்.”

“சுகமா இருக்கிறீரோ?”

“பிள்ளைக தூங்குது. சாயங்காலமாக் கூப்பிடுங்க.”

சாயங்காலம் கூப்பிட்டான். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2017 பிப்ரவரியில், சுற்றுலா விசாவில் முப்பது நாளைக்கு வந்தான். நேரே அங்கன்வாடி வாசலுக்கு, தோளில் ஒரு பையோடு, சோறு போடுகிற நேரத்தில் வந்து நின்றான். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கு முட்டையை உரித்து வைக்கும்வரை அவன் வாசலிலேயே நின்றான்.

“ஆயா, யாரு அது?” என்றது ஒரு பிள்ளை.

“விருந்தாடி. நீ தின்னு.”

பிள்ளைகள் படுத்த பிறகு, மிஞ்சியிருந்த சோற்றை ஒரு தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

“ஆறு வருசம்” என்றாள்.

“என்ன சொல்லிக் கதைக்கிறதெண்டு தெரியேல்ல, காளி. முதல்ல ஒரு மாதம் போச்சு. பிறகு ஒரு வருசம். நாள் கூடக் கூட, ஃபோனை எடுக்கப் போன கை பின்னுக்குப் போயிற்று.”

“கை கழுவிட்டுச் சாப்பிடுங்க.”

அதற்குப் பிறகு அந்த ஆறு வருடத்தைப் பற்றி அவள் கேட்டதாக யாருக்கும் தெரியாது. மன்னித்துவிட்டாள் என்று சொல்வது எளிது. கேட்காமல் இருப்பதும் மன்னிப்பதும் ஒன்றுதானா என்பது வேறு விஷயம்.

இப்படித்தான் அவர்களுடைய இரண்டாவது குடித்தனம் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடை முடிந்ததும், முப்பது நாள் வருவான். வந்த மறுநாளே கூரையில் ஓட்டையைப் பார்ப்பான், குழாயை மாற்றுவான், அங்கன்வாடிச் சுவரில் கிளியும் யானையும் வரைந்து கொடுப்பான். முப்பதாவது நாள் கிளம்பிவிடுவான். இடையில் கொரோனாவில் இரண்டு ஆண்டுகள் வர முடியாமல் போயிற்று. வீரபாண்டியன் அவனுக்கு ‘முப்பது நாள் மாப்ள’ என்று பெயர் வைத்தான். முகத்துக்கு நேரேயே கூப்பிட்டான். “வாங்க முப்பது நாள் மாப்ள, இன்னும் எத்தன நாள் பாக்கி இருக்கு?” தயாபரன் சிரித்துக்கொண்டு நாளைச் சொல்வான்.

2024 பொங்கல் கழிந்து வந்தவன், இந்த முறை சிரிக்கவில்லை. வயலில் இரண்டு அறை வைத்து வீடு கட்டியிருந்தான். இரண்டு மாடு வாங்கியிருந்தான். மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முப்பது நாள் வெளியே இருக்க முடியவில்லை.

“எனக்கும் நாற்பத்திநாலு ஆகுது. இப்பிடி வந்து வந்து போக ஏலாது. இனி நீர் வாரும்.”

“வந்து?”

“இரும். அங்க இரும். அதுதான் உம்மட வீடு.”

அவன் போன மறுவாரம் காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முகேஷ் நடத்துகிற கணினி மையத்துக்குப் போனாள். ஜெராக்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், விசா எல்லாம் அங்கே நடக்கும். முகேஷ் சின்ன வயதுக்காரன், வாய் ஓயாது. கையோ அதைவிட வேகமாகத் தட்டச்சு செய்யும்.

“அக்கா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முப்பது நாள் விசா. இங்க உக்காந்தே ஆன்லைன்ல போட்டுறலாம். பாஸ்போர்ட் இருக்கணும், திரும்பி வர டிக்கெட் இருக்கணும், அம்புட்டுத்தான். இன்னொண்ணு வதிவிட விசா. அவுக சம்சாரம்ங்கிற முறையில அங்கயே குடியிருக்கலாம். அதுக்குப் பேப்பர் சாஸ்தி. கல்யாணச் சான்றிதழ் வேணும். போலீஸ் சான்று வேணும். ‘இவ என் சம்சாரம், நான் பாத்துக்கிறேன்’னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

“ஒருக்கா வாங்கிட்டாப் போதுமா?”

“வருசா வருசம் புதுப்பிக்கணும்க்கா. ஒவ்வொரு தடவையும் அவுக கையெழுத்து வேணும்.”

“போடலேன்னா?”

“போடாம எங்குட்டுப் போவாக? என்னக்கா நீங்க!” முகேஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, “போடலேன்னா கெளம்பி வர வேண்டியதுதான்” என்று முடித்தான்.

கல்யாணச் சான்றிதழ் என்று ஒன்று அவளிடம் இல்லை. 2004இல் கோயில் ரசீதே போதுமாக இருந்தது. இப்போது பதிவு செய்யலாம். செய்தால் அவள் சட்டப்படி ஒருவனுடைய மனைவி. அலுவலகக் கோப்பில் அவள் சட்டப்படி ஒருவனால் கைவிடப்பட்டவள். இரண்டு இடத்திலும் அந்த ஒருவன் ஒரே ஆள். இதை முதலில் கண்டுபிடித்தவன் வீரபாண்டியன். திருப்பத்தூர்ச் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டு, மினி லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“ஏத்தா, நல்லா யோசி. ஒரு கையில கல்யாணச் சான்று, இன்னொரு கையில கைவிட்ட சான்று. எவனாச்சும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தான்னா என்ன ஆகும்? வேலை போயிரும்.”

“ம்.”

“அவுக இத்தன வருசம் முப்பது நாள், முப்பது நாள்னு வந்து போகலையா? நீயும் அதே மாதிரி போ, வா. மே மாசம் லீவு இருக்கு. வேலையும் இருக்கும், மாப்ளையும் இருப்பாக. எதுக்குப் போயி நான் பொண்டாட்டி நான் பொண்டாட்டின்னு ரெண்டு நாட்டுக்குக் கேக்குற மாதிரித் தம்பட்டம் அடிக்கணும்?”

அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அன்று மாலை தயாபரனிடம் தொலைபேசியில் அதைச் சொன்னாள்.

“என்ர மனிசி என்ர வீட்டுக்கு விருந்துக்கு வாறதோ? சனம் சிரிக்கும்.”

“நீங்க இங்குட்டு விருந்துக்குத்தான வந்தீக. எங்க சனமும் சிரிக்கத்தான் செஞ்சுச்சு.”

“அது வேற, காளி.”

“என்ன வேற?”

மறுமுனையில் மாடு கத்துவது கேட்டது. அவன் எழுந்து போனான். திரும்பி வந்து வேறு எதையோ பேசினான்.

அவள் விருந்தாளி விசாவைத்தான் எடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் காளீஸ்வரி அந்த ஆண்டு ஆனி மாதம் தயாபரனை ஒரு முறை வரச்சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தாள். கோயில் ரசீது ஒன்று, ஓரம் கரையான் தின்ற புகைப்படம் ஒன்று, சாட்சிக்கு வீரபாண்டியன். கல்யாணத்துக்கு வராதவன் இருபது ஆண்டு கழித்து அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, “இதுக்கு அன்னைக்கே வந்து பந்தியில உக்காந்திருக்கலாம், சோறாவது கெடச்சிருக்கும்” என்றான். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாணம் ஆகி எத்தன வருசம்மா?”

“இருவது.”

“சேர்ந்து இருந்தது ஆறு” என்றான் தயாபரன்.

“அதெல்லாம் அவுக கேக்கல” என்றாள் அவள்.

சான்றிதழ் கைக்கு வந்தது. அவன் ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகுதான் அவள் யாரும் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தாள். பழைய சான்றிதழை ஒரு நெகிழி உறையில் போட்டுக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஞானசேகர் என்ற எழுத்தர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்த மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“இந்தச் சான்ற ரத்து பண்ணணும் சார்.”

“ஏம்மா, பேர் ஏதும் தப்பா இருக்கா?”

“இல்ல சார். அவுக வந்துட்டாக.”

ஞானசேகர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முப்பத்தாறு வருச சர்வீஸ்ல எனக்கு இது முதல் தடவை. வாங்கத்தாம்மா வருவாக. திருப்பிக் குடுக்க யாரும் வந்தது கெடையாது. இதுக்கு ஃபாரமே இல்லையே.”

“வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுக்கட்டா சார்?”

“சொல்றதக் கேளுங்க. பேசாம வீட்டுக்குப் போங்க. யாரு உங்களக் கேட்டா?”

“யாரும் கேக்கல.”

அவள் போகவில்லை. அவர் தாள் எடுத்துக் கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். அவள் குண்டு குண்டாக எழுதினாள். பாதியில் அவர் நிறுத்தினார்.

“எந்தத் தேதியிலேருந்து ரத்து பண்ணச் சொல்லி எழுதுறீக?”

“தேதியா?”

“ஆமாம்மா. எந்தத் தேதியிலேருந்து நீங்க கைவிடப்பட்டவர் இல்லன்னு வேணும்ல? ரெண்டாயிரத்திப் பதினேழுன்னு போட்டா, அதுலேருந்து இன்னைக்கு வரைக்கும் ஏன் சொல்லலைன்னு கேப்பாக. இன்னைக்குன்னு போட்டா, நேத்து வரைக்கும் என்னவா இருந்தீகன்னு கேப்பாக. நீங்கதான் சொல்லணும். எந்தத் தேதியிலேருந்து அவுக உங்களக் கைவிடல?”

சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினான். தொலைபேசி வந்த மத்தியானம் அவளுக்கு நினைவிருந்தது, தேதி நினைவில்லை. வாசலில் வந்து நின்ற நாள் தேதியோடு நினைவிருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் அவனை விருந்தாடி என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முப்பதாவது நாள் அவன் கிளம்பினான். அடுத்த ஆண்டு வருவான் என்று அவள் நம்பினாளா என்று கேட்டால், அவன் வந்து நிற்கும்வரை நம்பவில்லை.

“தேதி எழுதாம விட்டுறலாமா சார்?”

“விட்டா ஃபைல் நகராதும்மா.”

“அப்ப இன்னைக்குத் தேதியே போடுறேன். நான் எழுதிக் குடுத்தது இன்னைக்குத்தான.”

போட்டாள். அவர் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி நகல் கொடுத்தார். அந்த மனு எங்கே போயிற்று, யார் என்ன உத்தரவு போட்டார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை. அதே வாரம் வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் மெர்சி நேரில் வந்து சண்டை போட்டார்.

“ஒனக்குப் பைத்தியமா காளி? வேலை குடுத்தப்ப சான்று உண்மை. அது போதும். யாரும் தோண்டிப் பாக்கப் போறதில்ல.”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் எதுக்கு?”

“திங்கக்கிழம புதுசா ரெண்டு பிள்ளைக சேருது. ஒண்ணு முட்டை திங்காது. வர்ற ஆள்ட்ட சொல்லிருங்க.”

இதை நேர்மை என்று பள்ளத்தூரில் சிலர் சொன்னார்கள். நேர்மையாக இருந்திருந்தால் ஏழாண்டுக்கு முன்பே செய்திருப்பாள் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டு பேச்சும் ஓரளவுக்குச் சரி. மனைவி என்ற பெயரை முழுதாக வாங்க, கைவிடப்பட்டவள் என்ற பெயர் தந்த எல்லாவற்றையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. அப்படி விளங்கிக்கொண்டதுதான் தப்பு என்று பிறகு தெரிந்தது.

பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சான்றுக்குமாக விசாரிக்க ஒரு காவலர் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, “எதுக்கும்மா சிலோன் போறீக?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டு போனார். பாஸ்போர்ட்டும் சான்றும் வந்தன. புரட்டாசி கடைசியில் தயாபரனின் கடிதமும் வந்தது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு முகேஷிடம் போனாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மேசையில் அடுக்கினான்.

“அக்கா, சூப்பர். ஒண்ணு கூடக் கொறையில்ல. இம்புட்டு ஒழுங்காப் பேப்பர் கொண்டாந்த ஆள நான் பாத்ததில்ல.” கடிதத்தைக் கையில் எடுத்துச் சத்தமாக வாசித்தான். “‘மேற்குறிப்பிட்ட காளீஸ்வரி எனது சட்டபூர்வமான மனைவி. இலங்கையில் அவர் தங்கியிருக்கும் காலத்தில் அவரது உணவு, உறைவிடம், பராமரிப்பு அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு.’ அண்ணன் தமிழ் சும்மா பின்னுது!”

“இன்னொரு தடவ வாசி.”

வாசித்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே அறந்தாங்கி பஸ்ஸுக்கு நடத்துநர் கூவிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியதும், “இத வருசா வருசம் அவுக எழுதிக் குடுக்கணும்ல?” என்றாள்; முகேஷ் தலையாட்டினான்.

“அந்த முப்பது நாள் விசாவுக்கு என்ன வேணும்னு சொன்ன?”

“பாஸ்போர்ட்டும் ரிட்டன் டிக்கெட்டும். ஏன்க்கா?”

“அதப் போடு.”

முகேஷ் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்தான்.

“அக்கா, என்ன சொல்றீக? இந்தப் பேப்பருக்காகத்தான கல்யாணத்தப் பதிஞ்சீக? இதுக்காகத்தான அந்தச் சான்றக் கொண்டு போயிக் குடுத்தீக? வேலையே போச்சு. முப்பது நாள் விசாவுக்கு வேலைய விட்டுருக்கவே வேணாமே. லீவு போட்டே போயிட்டு வந்திருக்கலாமே!”

“பேரு பாஸ்போர்ட்ல உள்ளபடி அடி.”

“உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டீகளா?”

“தங்குற எடம்னு கேக்குதுல்ல, அதுல அவுக பேரும் விலாசமும் போடு.”

அவன் போட்டான். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் நிறுத்தி, திரையை அவள் பக்கம் திருப்பி, அங்கே இருந்தவற்றைத் தமிழில் சொன்னான்: சுற்றிப் பார்க்க, நண்பர்கள், உறவினர்களைப் பார்க்க. இரண்டாவதை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு.

“வர்றதுக்கு எந்தத் தேதி போட?”

“போயி முப்பதாவது நாள்.”

இந்த முறை அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது என்று முகேஷ் பிறகு வீரபாண்டியனிடம் சொன்னான். வீரபாண்டியன் லாரியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டான். அவள் எடுத்து, வீட்டுச் சாவியை எங்கே வைத்துவிட்டுப் போவது என்பதைப் பற்றிப் பேசினாள். மனைவி விசாவுக்கான கோப்பை முகேஷ் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தான். அதை அவள் எடுத்துவந்து துணிப்பைக்கு அடியில் வைத்தாள். எடுத்துப் போவதற்கா, பத்திரமாக இருக்கட்டும் என்றா, தெரியாது.

அன்று சாயங்காலம் தயாபரன் கூப்பிட்டான்.

“எல்லாம் முடிஞ்சுதோ? எந்த விசா?”

“முப்பது நாள்.”

மறுமுனையில் மாடு கத்தியது. இந்த முறை அவன் எழுந்து போகவில்லை.

“ஏன், காளி?”

“மாங்கா ஊறுகா ரெண்டு பாட்டில் போட்டு வச்சிருக்கேன். கப்பல்ல விடுவாகளா?”

“விடுவினம்” என்றான் அவன்.